அடுப்படியில் நின்ற வள்ளம்

சிப்பிமுனையில இருந்து மாசி மாசம் ஒரு திங்கக்கெழம காலைல பதினஞ்சு வள்ளம் கடலுக்குப் போச்சு, ஆனா கம்ப்யூட்டர் மேப்புல பாத்தா பதினொண்ணுதான் தண்ணியில இருந்துச்சு; மிச்சம் நாலுல ஒண்ணு பாளையங்கோட்டை ஜெயிலுக்குள்ள நின்னுச்சு, ஒண்ணு ஒயின்ஷாப்பு வாசல்ல நின்னுச்சு, ஒண்ணு என் சிநேகிதி ரெஜினாவோட தங்கச்சி வீட்டுக் கொல்லையில நின்னுச்சு, நாலாவது என் வீட்டு அடுப்படியில, சரியா அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவுல நின்னுச்சு. நான் தெக்லா. அந்த மேப்பு முன்னால உக்காந்திருந்தது நான்தான். எனக்கு பயமெல்லாம் வரல, கோவந்தான் வந்துச்சு. இவ்வளவு படிச்சு, இவ்வளவு கம்பி இழுத்து, கடைசியில டப்பா வேல செய்யலியேன்னு கோவம்.

அதுக்கு முந்துன வருசம் புயல்ல எங்கூரு வள்ளம் மூணு காணாமப் போயி, ஆறு நாளா தப்பான எடத்துல தேடி, ஏழாம் நாளு ஒரு கிழிஞ்ச வல மட்டும் கெடைச்சுது. அதுக்கப்புறந்தான் டவுன்ல இருந்து ஹாம் ரேடியோ கிளப்புக்காரவிய வந்தாவ. அதுல நப்பின்னை மேடம்னு ஒருத்தவிய, பாலிடெக்னிக்ல பாடம் எடுக்கவிய, என்னைவிட நாலு வயசு சின்னவிய. அவியதான் எங்களுக்கு இதச் சொன்னது: வள்ளத்துல ஒரு வயர்லெஸ் செட்டு, அது கூட ஒரு சின்ன டப்பா, டப்பா வானத்துல இருக்க சேட்டிலைட்டக் கேட்டு நாம நிக்க எடத்தத் தெரிஞ்சுக்கிடும், ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா கொர்ர்னு ஒரு சத்தத்துல அதக் காத்துல அனுப்பும், மாதா கோயில் மணிக்கூண்டு மேல கட்டுன ஏரியல் அதக் கேட்டு மறுபடி உரக்கச் சொல்லும், ஏலக்கூடத்துல இருக்க கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு பொட்டு தெரியும், கிட்டப் போய்ப் பாத்தா அது குட்டி வள்ளப் படம்.

இதுக்கு கவர்மெண்டு பரீட்சை உண்டு, லைசென்சு இல்லாம செட்டத் தொடப்பிடாது. பாஸானா ஆளுக்கொரு கால்சைன் தருவாவ, காத்துல நம்மளக் கூப்புடுறதுக்குன்னு ஒரு பேரு. அந்தப் பேருக்குப் பின்னால நடக்குற ஆளுன்னா ஏழு, வண்டின்னா ஒம்போது, வள்ளம்னா எட்டுன்னு ஒரு நம்பரு. நான் எழுவத்தெட்டு மார்க்கு. எங்க வீட்டுக்காரவிய செலஸ்டின் மொதத் தடவ ஃபெயிலு, ரெண்டாந் தடவதான் பாஸு; நடுவுல இருந்த மாசமெல்லாம் நான் வீட்டுக்குள்ள எப்படி நடந்திருப்பேன்னு நீங்களே நெனைச்சுக்கிடுங்க. அதனாலதான் மேப்புக்கு முன்னால உக்காருற வேல எனக்கு வந்துச்சு. மேடம் மொத வகுப்புலயே சொன்னாவ: "இதுல ரகசியம் கெடையாது. யாரு என்ன அனுப்புனாலும் எல்லாரும் பாக்கலாம். மறைச்சு அனுப்புனா லைசென்சு போயிரும்." எங்கூர்ல எதுலதான் ரகசியம் இருக்குன்னு சொல்லி நாங்க சிரிச்சோம்.

சோதனை பாத்த நாளு ஒரு பொட்டும் வரல. என்னன்னு பாத்தா, பதினஞ்சு பேரும் ரெண்டு நிமிசத்த அஞ்சு செகண்டா மாத்தி வச்சிருக்காவ. ஜெபமால சொல்லுற ஊரு பாருங்க, எத்தன தடவ சொல்லுதமோ அத்தன பலன்னு ஆளாளுக்கு நெனைச்சிருக்காவ. எல்லா டப்பாவும் ஒண்ணு மேல ஒண்ணு கொர்ர் கொர்ர்னு கத்தி, எதுவும் எதுக்கும் கேக்கல. "அண்ணே, எல்லாரும் ஒரே நேரத்துல கத்துனா மாதாவுக்கே கேக்காது"ன்னு மேடம் தலையில அடிச்சுக்கிட்டு மறுபடி மாத்திக் குடுத்தாவ. அதுக்கு மறுவாரந்தான் அந்தத் திங்கக்கெழம.

மேடம் ஏரியல மாத்தினாவ, வயர மாத்தினாவ, கடைசியில டப்பாவையே மாத்திக் கட்டினாவ. ஜெயில்ல நின்ன டப்பா கஸ்பார் அண்ணனோடது. அத எங்க வள்ளத்துல கட்டி, எங்களோடத அவிய வள்ளத்துல கட்டுனோம். ஜெயில்ல நின்ன டப்பா என் அடுப்படிக்கு வந்துச்சு, அடுப்படி டப்பா ஜெயிலுக்குப் போச்சு. மேடத்துக்குப் பிடிபடல. கஸ்பார் அண்ணன்தான் பீடியக் கீழ போட்டுட்டு, "டப்பா சரியாத்தான் சொல்லுது மேடம். எந் தம்பி அங்கனதான இருக்கான். நான் வல இழுக்கையில எல்லாம் அவன் சாப்பிட்டானோ என்னவோன்னுதான் நெனைச்சுக்கிட்டிருக்கேன்"ன்னாவ. சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாவ.

அம்புட்டுதான். ஆளு நிக்க எடத்த டப்பா சொல்லல, ஆளோட நெனைப்பு நிக்க எடத்தச் சொல்லுது. ரெண்டு நாளுல ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, மூணாம் நாளு அது ஒரு சேதியாவே இல்ல. மேடம் மட்டும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாவ. எங்களுக்கு அது ஏன்னு தெரியணும்னு தோணல, அத வச்சு எப்படிக் குடும்பம் நடத்துறதுங்கறதுதான் பெரிய பாடா இருந்துச்சு.

ஏன்னா பொம்பளைய கூட்டம் ஏலக்கூடத்துல எறங்கிருச்சு. அடுப்புல ஒலைய வச்சுட்டு ஓடி வந்து, தன் வீட்டுப் பொட்டு எங்க நிக்குன்னு எட்டிப் பாத்துட்டு, சந்தோசமாவோ மூக்கச் சிந்திக்கிட்டோ திரும்பி ஓடுனாவ. தங்கச்சி வீட்டுக் கொல்லையில நின்னது ரெஜினா புருசன் பொட்டு, அவ அன்னைக்கு சாயங்காலமே வெறகுக் கட்டையோட கரையில நின்னா. அவ புருசன் வள்ளத்த விட்டு எறங்கவே ரெண்டு மணிநேரம் ஆச்சு. ஒரு ஆளு பொட்டு எப்பவும் கடல்லயே, மீனு எங்கயோ அங்க நின்னுச்சு, ஊருலயே அதிகம் மீன் கொண்டாந்தது அவந்தான், ஊருலயே அதிகம் அழுதது அவன் பொண்டாட்டிதான். பங்குச்சாமி ஒரு ஞாயித்துக்கெழம விளையாட்டுக்கு டப்பாவ அங்கிக்குள்ள வச்சுக்கிட்டுப் பூசை வச்சாவ, பிரசங்கம் முடியுறதுக்குள்ள அவிய பொட்டு மலைமேல ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சு. ஊரு கூடிப் பேசி, பாவம் சாமின்னு, அவியளப் பதினஞ்சு நாளு அங்க அனுப்பி வச்சோம்.

ஆம்பளையளும் பழகிக்கிட்டாவ. வள்ளம் தள்ளுறதுக்கு முன்னால சிலுவ போட்டுக்கிட்டு, "புத்தி வள்ளத்துலயே இருக்கணும் மாதாவே"ன்னு ஒரு வார்த்தையும் சேத்துச் சொன்னாவ. ஊர்க்கமிட்டி கூடி, இந்த டப்பா தேவதானான்னு ஒரு நாளு முழுக்கப் பேசுச்சு. தலைவரு சொன்னாவ: "சும்மா போறப்ப மனசு எங்கயும் போகும்வே. ஆபத்துன்னு வந்தா எவனுக்கும் புத்தி தன்னால வள்ளத்துக்குத் திரும்பிரும். அப்ப டப்பா சரியாச் சொல்லிரும்." எல்லாரும் சரின்னோம். நானும் சரின்னு கை தூக்குனேன். நாங்க செஞ்ச தப்பு அதுதான்.

எங்க வீட்டுப் பொட்டு மட்டும் மாறவே இல்ல. காலைல வள்ளம் அலையத் தாண்டுன அரைமணி நேரத்துல எங்க வீட்டுக்காரவிய பொட்டு அடுப்படிக்கு வந்துரும். "ஒம் மாப்பிள்ள கடலுக்கே போகல, ஒன் சேலையப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்காவ ளா"ன்னு பொம்பளைய கேலி பண்ணுவாளுவ. நான் முகத்தச் சுளிப்பேன், உள்ளுக்குள்ள தலைகால் புரியாது. ரெஜினாவ மேப்பப் பாக்கச் சொல்லிட்டு வீட்டுக்கு ஓடி, அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவுல நானும் போய்க் கொஞ்ச நேரம் நிப்பேன். வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், அந்த எடத்துல ஒரு பலகையக்கூடப் போட்டு வச்சேன், நிக்கவிய உக்காரட்டும்னு.

கார்த்திக மாசம் ஒரு புதன்கெழம, காலைல பத்து மணிக்கு வாடக்காத்து திடீர்னு திரும்பிருச்சு. வானிலைக்காரவிய மறுநாளைக்குன்னு சொன்ன காத்து அன்னைக்கே வந்துருச்சு. அன்னைக்கு எங்க வீட்டுக்காரவியளோட போற பங்காளிக்குக் காய்ச்சல், அதனால தனியாத்தான் போயிருந்தாவ. மேப்பப் பாத்தேன். ஒரு பொட்டுகூடக் கடல்ல இல்ல. பதினஞ்சும் ஊருக்குள்ள நின்னுச்சு. பிள்ளைய படிக்க பள்ளிக்கூடத்துல ஒண்ணு, கோயில் வாசல்ல மூணு, தொட்டில் கட்டுன வீட்டுல ஒண்ணு, அவனவன் பொண்டாட்டி நிக்க எடத்துல மிச்சம். தலைவரு என் முதுகுக்குப் பின்னால நின்னு பாத்துட்டு வெளிய போயிட்டாவ.

பன்னெண்டு மணிக்குள்ள பதினாலு வள்ளம் கர சேந்துச்சு. எங்க வள்ளம் வரல.

செட்டுல கூப்புட்டுப் பாத்தேன். மைக்கு நனைஞ்சிருக்கும், பேச்சு வரல. ஆனா டப்பா உயிரோட இருந்துச்சு, ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா கொர்ர்னு சொல்லிச்சு, ஒவ்வொரு தடவையும் என் அடுப்படியச் சொல்லிச்சு. ரோந்துப் படகுல இருந்து ஒரு அதிகாரி செட்டுல வந்து, எந்த எடம்னு கேட்டாவ. நான் மேப்புல இருந்த நம்பர வாசிச்சேன். "அம்மா, அது ஊருக்குள்ள இருக்கே"ன்னாவ. ஆமா சார், எங்க வீடுன்னேன். வேற என்ன சொல்ல?

கஸ்பார் அண்ணன் பெரிய வள்ளத்துல எஞ்சின ஓட விட்டுக்கிட்டு அலை ஓரத்துல நின்னாவ, நாலு பேரு கூட. "கடலு இவ்வளவு பெருசு தங்கச்சி. எடத்த மட்டும் சொல்லு, நான் போறேன்"னு ஆளு அனுப்புனாவ. அந்த எடந்தான் என்கிட்ட இல்ல. எங்க வீட்டுக்காரவியளுக்கு என்மேல இருந்த ஆச, அவியளக் கண்டுபுடிக்க விடாம என் வீட்டுக்குள்ளயே மறைச்சு வச்சிருந்துச்சு. அந்த அடுப்படியையும் பலகையையும் அன்னைக்கு நான் சபிச்ச மாதிரி எவளும் தன் வீட்டச் சபிச்சிருக்க மாட்டா.

நப்பின்னை மேடம் மழையில நனைஞ்சுக்கிட்டு டவுன்ல இருந்து வந்து சேந்தாவ. "டப்பாவுக்கு மெசேஜ் அனுப்பலாம் தெக்லாக்கா. அதுல சின்னத் திரை இருக்கு. படிப்பாங்க"ன்னாவ. டப்பாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழ அடிக்கணும், ஒரு தடவைக்கு அறுபத்தேழு எழுத்துதான் போகும். போய்ச் சேந்துச்சுன்னா அங்க இருந்து டப்பாவே கெடைச்சுதுன்னு ஒரு பதில் அனுப்பும். நான் அடிச்சேன்: வள்ளத்த நெனைங்க. கெடைச்சுதுன்னு பதில் வந்துச்சு. பொட்டு அடுப்படிய விட்டுக் கெளம்பி, நேரா கொளச்சல்ல அந்த வள்ளம் செஞ்ச பட்டறைக்குப் போய் நின்னுச்சு. வள்ளத்த நெனைன்னதும், அதப் புதுசா வாங்குன நாள நெனைச்சிருக்காவ. தண்ணிய நெனைங்கன்னு அடிச்சேன். பொட்டு எங்க அம்மா வீட்டுத் தெருக் குழாயடிக்கு வந்துச்சு, அவிய என்ன மொத மொதப் பாத்த எடம். நான் வாய்விட்டு அழுதுட்டேன். ஐயோ மனுசா, செத்துக்கிட்டிருக்கையில குழாயடிய நெனைக்கியளே! என்ன நெனைக்காதியன்னு அடிச்சேன். பொட்டு அடுப்படிக்கு வந்து, பலக மேல உக்காந்துருச்சு.

டப்பா தன் பேட்டரி எவ்வளவு இருக்குன்னும் கூடவே சொல்லும். பன்னெண்டு வோல்ட்டு இருக்க வேண்டியது பதினொண்ணு ஆச்சு, பத்தரையா எறங்குச்சு. மேடம் அதப் பாத்துட்டு, "இன்னும் அரைமணி நேரந்தான் தாங்கும்"னாவ.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. கரையில இந்த மனுசனுக்கு நெனைக்க ஒரு எடம் இருக்க வரைக்கும் அங்கதான் வருவாவ. எல்லாக் கதவையும் நான் சாத்தணும்.

ஒண்ணு சொல்லணும். எனக்குக் கல்யாணம் ஆனப்ப நான் எட்டு நாளு சாப்பிடல. ஐஸ் கம்பெனி லாரி ஓட்டுன ஒருத்தன மனசுல வச்சிருந்தேன், அவன் குவைத்துக்குப் போயிட்டான், எங்கய்யா என்னச் செலஸ்டினுக்குக் கட்டிக் குடுத்துட்டாவ. ஒரு வருசம் நான் எங்க வீட்டுக்காரவிய முகத்த நேரா பாத்ததில்ல. அவியளுக்கு அது தெரியும். ஒருநாளும் கேட்டதில்ல, ஒருநாளும் கொற சொன்னதில்ல, நான் முகத்தத் திருப்பிக்கிட்டு வச்ச சோத்தத் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டுக் கடலுக்குப் போவாவ. அப்புறம் எப்ப மாறுச்சு, எப்படி மாறுச்சுன்னு எனக்கே தெரியாது, மாறிருச்சு. அதப்பத்தி நாங்க பேசுனதே இல்ல.

நான் அடிச்சேன். வராதிய. ஒங்கள எனக்கு என்னைக்கும் புடிச்சதில்ல. வீடு பூட்டியாச்சு. அறுபத்திநாலு எழுத்து.

ரெஜினா என் கையப் புடிச்சுக்கிட்டா. "வேண்டாம் ளா. தங்கச்சி வீட்டு விசயம் இன்னும் என் வீட்டுக்குள்ள தீரல ளா. சில வார்த்தைய போனா போனதுதான்"ன்னா. மேடம், "அக்கா, இது எல்லாருக்கும் தெரியும், எங்க கிளப்புல, நெட்டுல, எல்லா எடத்துலயும் வரும்"னாவ. வரட்டும்னு சொல்லிட்டு பட்டனத் தட்டுனேன். மணிக்கூண்டு அத வாங்கி உரக்கச் சொல்லிச்சு.

கெடைச்சுதுன்னு பதில் வந்துச்சு.

ரெண்டு நிமிசம். கொர்ர். பொட்டு அடுப்படியில இல்ல, வாசல்ல நின்னுச்சு. அடுத்த ரெண்டு நிமிசத்துல கல்லறைத் தோட்டத்துல, அவிய அம்மா குழிகிட்ட. அடுத்ததுல கரையில, வள்ளம் ஏத்திப் போடுற மணல்ல. பொம்பளைய முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அந்தப் பொட்டு எடமில்லாமத் திரியுறதப் பாத்துக்கிட்டு நின்னாவ. நாலாவது தடவ அது தண்ணிக்குள்ள எறங்குச்சு, அஞ்சாவது தடவ தென்கெழக்க ஒம்பது மைல்ல போய் நின்னுச்சு, ஆறாவது தடவ காத்து தள்ளுற தெசையில துளி நவுந்துச்சு. இனி அது நெனைப்பு இல்ல, ஆளுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் நம்பர வாசிச்சேன்.

கஸ்பார் அண்ணன் போனாவ. நாலரை மணிக்கு, கவுந்த வள்ளத்தோட அடிமரத்தப் புடிச்சுக்கிட்டு, டப்பாவப் பல்லால கடிச்சுத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுக் கெடந்த எங்க வீட்டுக்காரவியளத் தூக்கிட்டு வந்தாவ.

கரையில ஊரே நின்னுச்சு. வழிவிட்டாவ. நான் ஓடிப்போய் அவிய காலக் கட்டிக்கிட்டு, அழுதுக்கிட்டே எல்லாத்தையும் ஒளறிக் கொட்டுனேன்: பொட்டு வீட்டுலயே நின்னுச்சு, எடம் தெரியல, அதுக்காகத்தான், அதுக்காக மட்டுந்தான். அவிய என் தலையத் தொட்டாவ. "தெரியும் ளா. நானும் பரீட்சையில பாஸானவன்தான"ன்னு சிரிச்சாவ. சுத்தி நின்னவியளும் அழுதுக்கிட்டே சிரிச்சாவ. அப்புறம் குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "அது பொய்தான ளா?"ன்னாவ.

பொய்தான்னு நான் சொல்லணும். சொன்னேன். ஆனா அந்த மொத வருசம், அந்த எட்டு நாளு, எல்லாம் ஒரு நொடி கண்ணுல வந்து போயி, ஒரு மூச்சு தாமதிச்சுத்தான் சொன்னேன். ஒரே ஒரு மூச்சு. அது அவியளுக்குக் கேட்டுருச்சு.

அவிய நல்லாயிட்டாவ. வேற வள்ளம் எடுத்தாவ, மேடம் புது டப்பா குடுத்தாவ. மொத நாளு மேப்பத் தொறந்தா, அவிய பொட்டு அந்த ஒம்பதாவது மைல்ல, புடிச்சுத் தூக்குன அதே எடத்துல நிக்கி. வள்ளம் வடக்க போனாலும் அங்கதான், கரைக்கு வந்தாலும் அங்கதான், ராத்திரி டப்பாவத் தலமாட்டுல வச்சுக்கிட்டு என் பக்கத்துல படுத்து ஒறங்குறப்பவும் அங்கதான். டப்பாவ மறுபடி மாத்திப் பாத்தோம், வேளாங்கண்ணிக்குப் போய் வந்தோம், பங்குச்சாமி வந்து ஜெபிச்சாவ. அசையல. ஒருநாளு கேட்டே விட்டேன், அங்க என்னதான் இருக்குன்னு. "ஒண்ணும் இல்ல. அங்கன யாருக்கும் நான் பாரமா இல்லேன்னு இருந்துச்சு"ன்னாவ. கோவமா சொல்லல. சொல்லிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாவ.

ஊரு இதுக்கும் பழகிக்கிட்டுச்சு. அந்த எடத்துல எவரும் வல போடுறதில்ல. தாண்டிப் போறப்ப எஞ்சின மெதுவாக்கிட்டுப் போறாவ, கஸ்பார் அண்ணன் மட்டும் "மாப்ள, வாரியா"ன்னு தண்ணியப் பாத்து ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவாவ. மேப்புல எப்பவும் மாறாத பொட்டு அது ஒண்ணுதாங்கறதால, புதுசா செட்டு வாங்குறவனுவ தன் டப்பா ஒழுங்கா வேல செய்யுதான்னு அத வச்சுத்தான் ஒத்துப் பாக்கானுவ.

போன வாரம் நான் மேடத்துக்கிட்ட கேட்டு, ஏழாம் நம்பரு டப்பா ஒண்ணு வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டேன். இத்தன நாளும் அடுத்தவிய பொட்டத்தான் பாத்தேன், என்னோடத நான் பாத்ததே இல்ல. மத்தியானம் அவியளுக்குச் சோறு வச்சுட்டு நானும் பக்கத்துல உக்காந்தேன். ரெஜினா ஏலக்கூடத்துல மேப்பப் பாத்துட்டு ஓடி வந்து, மூச்சு வாங்க வாசல்ல நின்னுட்டு, எங்க ரெண்டு பேரையும் பாத்துத் தெகைச்சுப்போனா. "வீட்டுல ஆளே இல்லியோன்னு நெனைச்சேன் ளா"ன்னா. என் பொட்டும் கடல்லதான் நிக்கின்னா. நிக்கல, சுத்துது, தெக்க போகுது, வடக்க வருது, அவிய பொட்டச் சுத்திச் சுத்தி வருது, கிட்டப் போகமாட்டேங்குதுன்னா. எங்க வீட்டுக்காரவிய கொழம்பப் பெசஞ்சுக்கிட்டு, நல்லாருக்கு ளான்னாவ. கைய நீட்டுனா தொட்டுருவேன், அம்புட்டுப் பக்கத்துல இருக்காவ. நான் ஒம்பது மைலுக்கு அங்கிட்டு அவியளத் தேடிக்கிட்டிருக்கேன்.